கோல் மார்க்கெட்டில் ஒரு கடற்புழு

தலைநகர்த் தமிழருக்குக் கோல் மார்க்கெட்டை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. லட்யன்ஸ் வகுத்த புதுதில்லித் திட்டத்திலே, 1921-ஆம் ஆண்டில் எழுந்த பன்னிரு பட்டைக் கட்டடம் அது. அதனைச் சூழ்ந்த சதுக்கங்களில், அரசாங்க எழுத்தர்களுக்கெனக் கட்டப்பெற்ற சிறு வீடுகளில், கோடையில் சிம்லாவுக்கும் குளிர்காலத்தில் தில்லிக்குமாகக் கோப்புகளோடு குடிபெயர்ந்து வந்த தலைமுறையைச் சேர்ந்த தமிழர் பலர் வாழ்ந்தனர். காப்பி வறுக்கும் சட்டியையும் கொலுப் பொம்மைகளையும் அவர்கள் ஊரிலிருந்து கொண்டு வந்தனர். கொண்டுவர இயலாமற் போனது கடல் ஒன்றே. எந்தத் திசையில் சென்றாலும் தில்லிக்கும் கடலுக்கும் இடையே 800 கிலோமீட்டருக்கு மேல் நிலம் கிடக்கிறது.

அந்தக் குறையும் இப்போது தீர்ந்துவிட்டதைச் சென்ற ஜனவரியில் கண்டேன். கோல் மார்க்கெட்டை அடுத்து வாழும் நண்பர் ஒருவருடைய வீட்டின் முன்னறையில் கடல் இருந்தது. நூறு லிட்டர் அளவே ஆயினும் அது கடல்தான். ஒன்பதாம் வகுப்பில் பயிலும் அவருடைய பேரன், வடிகட்டிய நீரில் மூன்றரைக் கிலோ கடலுப்புக் கலவையைக் கரைத்துக் கண்ணாடித் தொட்டியை நிரப்பியிருந்தான். உள்ளே இரண்டு கோமாளி மீன்களும், துளைகள் நிறைந்த ஒரு பெரிய கல்லும் இருந்தன. கடைக்காரர் மொழியில் அதன் பெயர் ‘லைவ் ராக்’. உயிர்க்கல் என்று நாம் சொல்லலாம். கடலடியில் கிடந்து, தன் துளைகளில் எண்ணற்ற சிற்றுயிர்களை ஏற்றுக்கொண்ட கல் அது. அதனை வாங்குவோர் விலை கொடுப்பது கல்லுக்கு. அதற்குள் குடியிருப்போர் இலவசமாக வருகின்றனர்.

அவ்வாறு வந்த ஒருவரால்தான் அன்று அந்த வீட்டில் கலவரம். முந்திய இரவு விளக்கை அணைத்தபின், பையன் டார்ச்சின் முகப்பில் சிவப்புக் காகிதம் கட்டித் தொட்டியை நோக்கியிருக்கிறான். கல்லின் துளையிலிருந்து விரல் நீளத்தில் இளஞ்சிவப்பான புழு ஒன்று வெளிவந்திருக்கிறது. அதன் இரு பக்கங்களிலும் வெண்பஞ்சு ஒட்டியதுபோல் மயிர்க்கற்றைகள். ஆர்வ மிகுதியால் அவன் கையைவிட்டுப் பிடிக்க முயன்றான்; மறுகணம் விரலில் தீப்பட்டாற்போன்ற எரிச்சல். நான் சென்றபோது அவன் அன்னை அடுப்பில் அண்டா நிறையத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். கல்லை அதில் இட்டுவிட்டால் புழுவும் அதன் சுற்றமும் ஒழிந்துபோம் என்பது அவர் எண்ணம். நண்பரின் தாயார் இராமநாதபுரத்துக் கடற்கரையில் பிறந்தவர். அவர் கல்லைப் பார்த்துவிட்டு, “இது முருகைக்கல் அல்லவா தம்பி? எங்கள் ஊரில் வீடு கட்டுவார்கள், காளவாயில் இட்டுச் சுண்ணாம்பு சுடுவார்கள். இதற்குப் போய்ப் பணம் கொடுத்தானாம்!” என்று என்னிடம் வியந்தார்.

நான் முதலில் செய்தது அடுப்பை அணைக்கச் சொன்னதே. காரணம் புழு அன்று. கல்லின் ஒரு விளிம்பில் சட்டைப் பொத்தான்களை வரிசையாகத் தைத்தாற்போலப் பழுப்பு நிறத்தில் சில உயிர்கள் ஒட்டியிருந்தன. அவை பாலித்தோவா இனத்தையோ அதன் உறவினத்தையோ சேர்ந்தவையாகத் தோன்றின. பாலித்தோவாவின் உடலிலே பாலிடாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு இருக்கக்கூடும். ஹவாய்த் தீவில் பிடித்த பாலித்தோவாவிலிருந்து மூர், ஷூயர் என்னும் இரு வேதியியலார் 1971-இல் அதனைப் பிரித்தெடுத்து அறிவித்தனர். கொதிநீரிலும் அதன் ஆற்றல் எளிதில் அழிவதில்லை. ஆவியோடும் துளிகளோடும் எழுந்து மூச்சிற் புகும். வீட்டுத் தொட்டிக் கல்லைக் கொதிக்க வைத்தும், சுரண்டிக் கழுவியும் மருத்துவமனை சேர்ந்தோர் பல நாடுகளில் உண்டு. 2018-இல் இங்கிலாந்தின் ஸ்டீவன்டன் என்னும் ஊரில், தொட்டியைத் துப்புரவு செய்த குடும்பத்தாரோடு உதவிக்கு வந்தவரிலும் சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். புழுவைக் கண்டு அஞ்சிய வீட்டில், அஞ்ச வேண்டியதை ஒருவரும் கவனிக்கவில்லை. இன்னதென்று அறியாமல் ஓர் உயிரை ஒழிக்கப் புகுவதில் உள்ள இடர் இத்தகையது.

இன்னதென்று அறிவது எப்படி? பல ஆண்டுகள் விலங்கியல் பயிற்றியவன் என்ற உரிமையில் பையன் என்னைக் கேட்டது இதுதான். அதற்கு விடை கூறும் முன், இக்கேள்வி எவ்வளவு பழையது என்பதை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

கடலை வீட்டுக்குள் கொண்டுவந்த முன்னோடிகளுள் ஆன்னா தின் என்னும் அம்மையார் ஒருவர். அவர் கணவர் லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தைச் சார்ந்த குரு. 1846-இல் டார்க்கி கடற்கரையிலிருந்து சில பவளவுயிர்களை ஜாடியில் இட்டு லண்டனுக்குக் கொணர்ந்தார். கடல்நீர் கெடாதிருக்க வேண்டுமே! திறந்த சாளரத்தின் முன் பணிப்பெண் ஒருத்தி நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு நாள்தோறும் நெடுநேரம் நீரை ஆற்றிக்கொண்டிருந்தாள். காப்பி ஆற்றுவோருக்கு இதன் நுட்பம் விளங்கும். காற்று நீரில் கலக்கிறது. பெயர் அறியப்படாத அப்பணிப்பெண்ணின் கைகளே அன்று இன்றைய காற்றுக் குழாயின் வேலையைச் செய்தன. அடுத்த ஆண்டு அம்மையார் கடற்பாசி ஒட்டிய கற்களை வருவித்துத் தொட்டியில் இட்டார். பாசி உயிர்வளி தந்தது. அக்கற்களோடு அழையா விருந்தினரும் வந்தே இருக்கவேண்டும்.

1854-இல் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய ‘அக்வேரியம்’ என்னும் நூல் வெளிவந்ததும், இங்கிலாந்தின் நடுத்தர வகுப்பார் அனைவருக்கும் இப்பித்துப் பிடித்தது. வாளியும் உளியுமாகக் கடற்கரைக்குப் படையெடுத்தனர். கரையோரப் பாறைக் குட்டைகள் வெறுமையாயின. தந்தையின் நூலே அவ்வழிவுக்குத் தூண்டுகோலாயிற்று என்று மகன் எட்மண்ட் காஸ் 1907-இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் வருந்தியிருக்கிறார்.

கடலற்ற ஊரிலே கடற்றொட்டி வைத்ததனால் விளைந்த பெரும்பேறு ஒன்று உண்டு. அது நிகழ்ந்தது ஆஸ்திரியாவின் உள்நாட்டு நகரமாகிய கிராஸில். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஃப்ரான்ஸ் ஐல்ஹார்ட் ஷூல்ஸ என்னும் பேராசிரியர் கடல்நீர்த் தொட்டி ஒன்றை வைத்திருந்தார். அதன் கண்ணாடிச் சுவரில் சாம்பல் நிறப் புள்ளி ஒன்று மெல்ல ஊர்வதை அவர் கண்டார். சில மில்லிமீட்டர் அகலம். தடிப்போ ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. வாய் இல்லை, வயிறு இல்லை, தசையும் நரம்பும் இல்லை. முன் இது, பின் இது என்றும் சொல்ல இயலாது. ஆயினும் விலங்கு. 1883-இல் அதற்கு ட்ரைக்கோப்ளாக்ஸ் அடீரன்ஸ் என்று பெயரிட்டு உலகுக்கு அறிவித்தார்.

அறிஞர் உலகம் அதனைப் போற்றி வரவேற்றிருக்கும் என்று எண்ணுகிறீர்களா? 1907-இல் க்ரும்பாக் என்பவர், இது தனி விலங்கே அன்று, இழுது மீனுக்கு உறவான ஓர் உயிரின் குஞ்சு மட்டுமே என்று எழுதினார். பாடநூல்கள் அதனை ஏற்றுக்கொண்டன. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அந்தச் சிற்றுயிர் கவனிப்பாரற்றுக் கிடந்தது. அறுபதுகளில் சிலர் மீண்டும் தொட்டிச் சுவர்களை உற்றுநோக்கத் தொடங்கினர். ட்யூபிங்கன் நகரத்துக் கார்ல் கிரெல் 1971-இல், விலங்கினத்தின் பெரும்பிரிவுகளுள் தனியொன்றாகவே அதனை வகுத்தார். மான்ஸி ஸ்ரீவாஸ்தவாவின் பெயரை முதலாகக் கொண்ட ஆய்வுக் குழுவினர் 2008-இல் அதன் மரபணுத் தொகுதியை முழுமையாக வெளியிட்டபோது, நரம்பே இல்லாத இவ்வுயிரில் ஏறத்தாழ 11,500 மரபணுக்கள் இருப்பதும், நரம்புடைய விலங்குகளுக்குரியவை எனக் கருதப்பட்டவற்றுள் பல அங்கே காணப்படுவதும் தெரிந்தன. ஈரத்துணியால் ஒருமுறை துடைத்திருந்தால் மறைந்திருக்கக்கூடிய புள்ளி அது. இன்றும் பொறுமையுள்ளவர்கள் கண்ணாடிச் சில்லு ஒன்றைத் தொட்டியில் சில வாரம் தொங்கவிட்டு உருப்பெருக்கியால் பார்த்தால், இதனைக் காணும் வாய்ப்பு உண்டு.

வீட்டுத் தொட்டிகளில் இன்றளவும் இத்தகைய அதிசயம் நின்றபாடில்லை. வாலில் முக்கிளை பிரிந்த தட்டைப் புழு போன்ற உயிர் ஒன்று தொட்டியில் பெருகிப் பவளங்களைப் போர்த்து மூடிவிடுவது பலரும் முறையிடும் தொல்லை. கான்வல்யூட்ரைலோபா என்னும் அப்பேரினத்தைச் சேர்ந்த ஒரு புதிய இனத்தை 2007-இல் அறிஞர் விவரித்தனர். அவர்கள் அதனைக் கண்டெடுத்த இடம் எந்தக் கடலும் அன்று, வெப்பமண்டல மீன்தொட்டிகள். அதன் தாயகம் எதுவென்று தொட்டியைப் பார்த்துச் சொல்ல முடியாது.

அறிஞர் புழுவை அடையாளம் காண்பதில் தவறுவதும் உண்டு. அதற்குச் சான்று நம் மன்னார் வளைகுடாவிலேயே கிடைக்கிறது. முத்துச்சலாபங்கள் ஏன் பொய்த்துப் போகின்றன என்று ஆராய, இலங்கை அரசு 1902-இல் பேராசிரியர் ஹெர்ட்மனை அழைத்தது. உடன் வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். பின்னாளில் சென்னை மாகாண மீன்துறையின் தலைவரானவர். 1903 முதல் 1906 வரை ராயல் சொசைட்டி ஐந்து தொகுதிகளாக அவர்கள் அறிக்கையை வெளியிட்டது. முத்தின் கருவிலே இருப்பது ஒரு நாடாப்புழுவின் இளம் பருவம் என்பது அவர்களது முடிபுகளுள் ஒன்று. சிப்பிக்குள் புகுந்த ஒட்டுண்ணியைச் சுற்றியே முத்து வளர்கிறதாம்; அப்புழு திருக்கை போன்ற மீனின் வயிற்றில் முதிர்ச்சி பெறுகிறதாம். அழகிய கதை. மகாராணியின் கழுத்தில் தொங்குவது ஒரு புழுவின் சமாதி என்று பத்திரிகைகள் எழுதி மகிழ்வதற்கு ஏற்றது. ஆனால் ஜேம்ஸன் என்பவர் அதே கடற் சிப்பிகளை மீண்டும் அறுத்து ஆராய்ந்து, அவ்வுருண்டைப் புழுக்கூடுகளுக்கும் நல்முத்துக்கும் தொடர்பு காண்பது அரிது என்று 1912-இல் மறுத்தார். அப்புழுக்களுள் ஒன்றுக்கு அவர் சூட்டிய இலத்தீன் பெயரின் பிற்பகுதி ‘லூடிஃபிகன்ஸ்’ என்பது. ஏய்ப்பது என்று அதற்குப் பொருள். பெயரிடுவதிலும் நகைச்சுவைக்கு இடமிருக்கிறது! முத்து வளர வேண்டுவது சிப்பியின் தோற்படல அணுக்களே. அப்படலத் துண்டையும் மணி ஒன்றையும் சிப்பியில் வைத்து, கே. அழகர்சாமி 1973-இல் தூத்துக்குடியில் முத்து விளைவித்தார். புழு தேவைப்படவில்லை.

தவறுகள் இவ்வாறிருக்க, சரியான பெயர்கள் எங்ஙனம் கிடைத்தன? இங்கேதான் கோல் மார்க்கெட்டுத் தொட்டிக்கும் நம் தென்கடற்கரைக்கும் உறவு ஏற்படுகிறது. சென்னை நூதனசாலையின் தலைவராயிருந்த எட்கர் தர்ஸ்டன், இராமேசுவரத்தை ஒட்டிய கடலுயிர்களைப் பற்றி 1890-லேயே எழுதினார். 1909-இல் சென்னை மெரீனாவில் மீன்காட்சிசாலை ஒன்று திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மூடப்பட்டுப் பின் உயிர்பெறவே இல்லை. நூதனசாலைப் பொறுப்பு கிரேவ்லி என்பவரிடம் வந்தபின், பாம்பனுக்கு அருகிலுள்ள குருசடித் தீவில் அவரும் துணைவரும் முழங்கால் நீரில் நின்று கற்களைப் புரட்டிப் புரட்டிச் சேகரித்தனர். அத்தீவின் கரையோர உயிர்களைப் பற்றிய அவர்களது தொகுப்பு 1927-இல் வெளிவந்தது. கல்லைப் புரட்டிப் பார்த்து, பார்த்ததைப் பதிந்து, மீண்டும் கல்லை முன்போல் வைக்கும் பழக்கம் கடலுயிர் தேடுவோருக்கு இன்றியமையாதது. புரட்டியபடியே விட்டால் அடியிலுள்ளவை வெயிலில் மடியும்.

சேகரித்த புழுக்களுக்குப் பெயர் கூறியவர், பிரான்ஸ் தேசத்து ஆன்ஜே நகரில் பேராசிரியராயிருந்த பியர் ஃபோவெல். குப்பிகளில் சாராயத்தில் ஊறிய நம் கடற்புழுக்கள் அவரை நாடிச் சென்றன. சென்னை நூதனசாலைச் சேகரத்தைப் பற்றி 1930-இலும், கல்கத்தா இந்தியன் மியூசியச் சேகரத்தைப் பற்றி 1932-இலும் எழுதினார். இவை அனைத்தையும் திரட்டி, இந்திய விலங்குத் தொகுதி வரிசையில் 1953-ஆம் ஆண்டு அலகாபாத்திலிருந்து வெளிவந்த 500 பக்கங்களுக்கு மேற்பட்ட அவருடைய நூல், பல்கால் புழுக்களை இனம் காண்பதற்கு நம் நாட்டு மாணாக்கருக்கு நெடுங்காலம் கைவிளக்காயிருந்தது. அந்நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது 87. படிப்பதற்கு இன்பமான நூல் என்று பொய் சொல்லமாட்டேன். ‘மயிர்க்கற்றை இவ்வாறிருந்தால் இவ்வெண்ணுக்குச் செல்க; வேறாயிருந்தால் அவ்வெண்ணுக்குச் செல்க’ என்று பக்கம் பக்கமாக வழிகாட்டும். வழி தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். என் மாணவப் பருவத்தில் அதனோடு பல மாலைகளை இழந்திருக்கிறேன்.

அம்முறையைத்தான் அன்று பையனுக்குக் கற்பித்தேன். முதற்கண் விரல். முட்கள் தோலில் ஒடிந்து நின்றிருந்தன. ஒட்டுநாடாவை மெல்ல ஒட்டி உரித்தெடுத்தோம். தேய்த்தால் ஆழமாகப் போய்விடும். பின்னர் விளக்கை அணைத்துச் சிவப்பொளியில் காத்திருந்தோம். புழு வெளிவந்ததும் உருப்பெருக்கியை அவன் கையில் கொடுத்தேன்.

தலையில் உணர்கொம்புகள் எத்தனை என்று பார்க்கச் சொன்னேன். ஐந்து கொம்பும், வலிய தாடையும், வானவில் பளபளப்பும் இருந்தால் அது யூனிசி குலத்தது. அக்குலத்தில் சில கல்லுக்குள் இருந்தபடியே ஒரு மீட்டருக்கு மேல் வளர்ந்து, இரவில் மீனைக் கவ்வும். இங்கிலாந்தின் நியூகே நகரத்து மீன்காட்சிசாலையில் பவளங்கள் இரவோடிரவாக வெட்டுண்டு கிடந்த மர்மத்துக்கு, 2009-இல் தொட்டியைக் கலைத்துப் பார்த்தபோது வெளிப்பட்ட நான்கடிப் புழுவே விடையாயிற்று. நம் விருந்தாளியிடம் அந்தப் பளபளப்பு இல்லை. அதன் தலையில் முகடு போன்ற சிறு சதைமடிப்பு தெரிந்தது. பக்கங்களில் வெண்முட்கற்றைகளும், அவற்றின் அடியில் சிவந்த பூச்செண்டு போன்ற செவுள்களும் தெளிவாயிருந்தன. தீப்புழுக் குடும்பம் என்பதில் ஐயமில்லை. மன்னார் வளைகுடாவில் கல்லைப் புரட்டினால் காணக்கூடிய யூரிதோ காம்ப்ளனாட்டாவை அது முற்றும் ஒத்திருந்தது.

“கெட்டதா மாமா?” என்றான்.

தின்று மிஞ்சிய உணவையும் செத்தவற்றையும் தின்று தொட்டியைத் துப்புரவாக்கும் புழு அது. கையால் தொடாதவரை தீங்கில்லை. இடுக்கியால் நசுக்கி ஒழிக்க எண்ணுவோர் ஒன்றை அறிதல் நலம்: துண்டுபட்டால் அத்துண்டுகள் தனித்தனிப் புழுக்களாக வளரக்கூடியது இவ்வினம். ஐப்டேசியா என்னும் பழுப்பு நிறச் சிறு கடற்சாமந்தியும் அத்தகையதே. அதன் அடித்தசையில் ஒரு துணுக்கு கல்லில் ஒட்டியிருந்தாலும் மீண்டும் முளைக்கும். கண்ணாடியில் ஒட்டியிருந்த வெண்ணிறச் சிறு சுருள்களைப் பையன் நத்தைகள் என்று குறித்து வைத்திருந்தான். அவை சுண்ணக்குழல் கட்டி வாழும் புழுக்கள். அவற்றால் கேடு எதுவும் இல்லை. பொத்தான் உயிர்களைப் பொறுத்தமட்டில், கையுறையின்றித் தொடுவதில்லை, கல்லைச் சுரண்டுவதில்லை, கொதிக்க வைப்பதில்லை என்று அவன் அன்னையிடம் வாக்குக் கொடுத்தான். அண்டா நீர் இரவுக் குளியலுக்குப் பயன்பட்டது.

பிறகு அவன் ஒரு குறிப்பேட்டை எடுத்து வந்தான். நூதனசாலைக் குப்பிகளில் ஒட்டும் சீட்டில் பெயர், நாள், கிடைத்த இடம், கண்டவர் பெயர் ஆகிய நான்கும் இருக்கவேண்டும் என்று நான் கூறியிருந்தேன். இடம் குறிக்காத உயிருக்கு அறிவியலில் மதிப்புப் பாதி குறைந்துபோம். பெயர் என்ற பகுதியில் யூரிதோ காம்ப்ளனாட்டா என எழுதி, என் சொற்படி ஒரு கேள்விக்குறியும் இட்டான். உலகெங்கும் ஒரே இனமென எண்ணியிருந்த இப்புழு, உருவத்தால் பிரித்தறிய இயலாத மூன்று இனங்களையேனும் உள்ளடக்கியது என 2010-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியிருக்கிறது.

இடம் என்ற பகுதியில் அவன் பேனா நின்றது. கல் எங்கிருந்து வந்ததென்று கடையில் கேட்டபோது, “வெளிநாட்டுச் சரக்கு” என்பதற்குமேல் அவர்கள் சொல்லவில்லையாம். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் கடல் தேசியப் பூங்கா. பாறை கட்டும் பவளங்களை 2001-இல் அரசு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் உச்சப் பாதுகாப்பில் சேர்த்தது. அங்கிருந்து ஒரு துண்டும் எடுக்கலாகாது. சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் முருகைக்கல்லை வெட்டி வெட்டி, அவ்வளைகுடாத் தீவுகள் இரண்டு நீரில் அமிழ்ந்து போயின என்பதைப் பாட்டியிடம் சொன்னேன். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பின், தொட்டியின் அருகே நாற்காலியை நகர்த்திப் போடச் சொல்லி, கல்லை உற்றுப் பார்த்தார்.

“எங்கள் ஊர்க் கல் போலத்தான் இருக்கிறது. ஆனால் கல்லைப் பார்த்து ஊர் சொல்ல முடியுமா, ராஜா?” என்றார் பேரனிடம்.

பையன் அந்தப் பகுதியை வெறுமையாக விட்டு, ‘கண்ட இடம்: கோல் மார்க்கெட், புது தில்லி’ என்று அடியில் தனியே எழுதிக்கொண்டான். மறுவாரம் அதே கடையில் மற்றொரு கல் வாங்குவதாயிருந்தவன், சிமெண்டும் சிப்பித்தூளும் கலந்து தானே ஒரு கல் வார்க்கலாமா என்று என்னிடம் கேட்டான். வார்க்கலாம், காரம் நீங்குமட்டும் பல வாரம் நீரை மாற்றி மாற்றி ஊறவைக்க வேண்டும் என்றேன். மொட்டை மாடியில் பழைய வாளி ஒன்று இருப்பதாகப் பாட்டி சொன்னார்.